தேர்க்காலில் சிக்கிய மனம்

மனுநீதிச் சோழன் கதையைக் கேளாமல் பள்ளியைக் கடந்து வந்தவர் நம்மில் எவருமிலர். திருவாரூர் வீதியில் இளவரசன் தேரில் வருகிறான். ஒருவர் கண்ணிலும் படாமல் ஓர் இளங்கன்று துள்ளி ஓடிவந்து சக்கரத்தில் சிக்கி மடிகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. மன்னன் தன் மகன்மீதே தேரை ஓட்டுகிறான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அந்தச் சோழனுக்குச் சிலை உண்டு. பசுவின் துயரையும் வேந்தனின் நீதியையும் நாம் அறிவோம். ஆனால் கன்று மடிந்ததற்கும் மணி ஒலித்ததற்கும் இடையே அந்த இளைஞன் என்ன பாடுபட்டான் என்று நாம் கேட்பதில்லை. சேக்கிழார் கேட்டிருக்கிறார். பெரியபுராணத்தில் அவன் சொல் தடுமாறித் தேரிலிருந்து இறங்கி வீழ்கிறான். பசுவைப் பார்த்துப் பதைக்கிறான். கன்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். இதற்குக் கழுவாய் உண்டா என்று தேடிப் போகிறான்.

இந்தப் பகுதியை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் நண்பன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மகன். சென்ற ஆண்டு ஒருநாள், நெய்து முடித்த சேலையைச் சங்கத்தில் சேர்த்துவிட்டு இருசக்கர வண்டியில் திரும்பும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெரியவர் ஒருவர்மீது மோதிவிட்டான். அவனே அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனான். மூன்றாம் நாள் அவர் இறந்துவிட்டார்.

ஆறுதல் சொல்ல ஊரே வந்தது. "அவருக்கு நேரம் வந்துடுச்சு, நீ என்னப்பா பண்ணுவே?" என்றார்கள். "உன்மேல தப்பே இல்லடா" என்று எங்கள் வகுப்பு நண்பர்களும் சொன்னார்கள். ஒருநாள் அவன் வெடித்துவிட்டான். "தப்பில்லன்னு சொல்லாதீங்கடா. நான் வேகமாத்தான் வந்தேன். எனக்குத் தெரியும்." பிறகு மெல்லச் சொன்னான்: "அவர் சட்டைப் பையில ஒரு பஸ் டிக்கெட்டும் வெத்தலையும் இருந்துச்சு." அந்த வெற்றிலையைப் பற்றிப் பேச அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நாமோ விதியைக் காட்டி அவன் வாயை அடைத்துக்கொண்டிருந்தோம். குற்றமில்லை என்று தீர்ப்பு வழங்க நண்பன் என்ன நீதிபதியா?

பெரியவர்தான் திடீரெனக் குறுக்கே வந்தார் என்று சொல்லிவிடும்படி தெருவில் சிலர் யோசனை சொன்னார்கள். அவன் மறுத்தான். காவல் நிலையத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 106ஆம் பிரிவுப்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம்; பழைய 304ஏ பிரிவில் அது 2 ஆண்டுவரைதான். இது தெரிந்தேதான் எழுதிக் கொடுத்தான். அன்றிரவுதான் பல நாட்களுக்குப் பிறகு உறங்கினான் என்று அவன் தாயார் சொன்னார்.

பெரியவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழவேண்டும் என்று துடித்தான். வழக்கு நடக்கும்போது போகக்கூடாது என்றார் வழக்கறிஞர். என் எண்ணம் வேறு காரணத்தால் அதையே சொல்லிற்று. மன்னிக்க வேண்டிய சுமையையும் அந்த அம்மாள் தலையில் ஏன் ஏற்றவேண்டும்? அவர்களாக அழைத்தால் போகலாம். வண்டிக்குக் காப்பீடு இருந்தது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவர்கள் கேட்பதைத் தான் மறுத்துப் பேசப்போவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டான்.

தாயார் அவனை வரதராசப் பெருமாள் கோவிலுக்கு அழைத்துப் போய்த் தங்கப் பல்லியைத் தொடவைத்தார். தொட்டால் தோஷம் போகுமென்பது நம் ஊர் நம்பிக்கை. அந்தப் பல்லிகளின் கதையும் கவனக்குறைவின் கதைதான்: குருவுக்குக் கொண்டுவந்த தீர்த்தத்தில் பல்லி விழுந்ததைக் காணாமல் விட்ட சீடர்கள் பெற்ற சாபம். இதைச் சொன்னபோது அவன் முதன்முறையாகச் சற்றே சிரித்தான்.

அவன் தந்தையார் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. அவர் ஒன்றும் பேசவில்லை. மகனைத் தறியில் உட்காரவைத்தார். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, இரண்டு ஆள் வேண்டும். கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளுபவன் கவனம் சிதறினால் உடலும் கரையும் சேராது. கூலிக்கு ஒருவரை வைத்திருந்தவர், அந்த மாதம் மகனையே அழைத்தார். நாள் முழுதும் அருகருகே இருவர், பேச்சு வேண்டியதில்லை.

ஆயினும் ஓரிரவு அவன், "நான் இருந்து என்னடா பிரயோசனம்?" என்றான். திருக்குறிப்புத் தொண்டர் நம் காஞ்சியைச் சேர்ந்தவர். மாலைக்குள் துவைத்துத் தருவதாக வாங்கிய அடியாரின் கந்தை, விடாத மழையால் உலரவில்லை. முதியவர் குளிரில் நடுங்குவாரே என்று நொந்து, துவைக்கும் கல்லிலேயே தலையை மோதினார். கல்லிலிருந்து ஒரு கை வந்து தடுத்ததாம். மழை அவர் குற்றமா என்று அந்தக் கை வாதாடவில்லை. அன்றிரவு நாங்கள் இருவர் அவனோடு விடியும்வரை இருந்தோம். காலையில் எங்கள் பேராசிரியர் ஒருவர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைத் தந்தார். அழைத்தோம். பிறகு அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் வாரந்தோறும் போனான். முதல் சில வாரம் நானும் போனேன். நம் தெருக்களில் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். காலொடிந்தால் கட்டுப்போடப் போவதற்கு யாரும் கூசுவதில்லையே!

அமெரிக்காவில் 1977இல் மேரியான் கிரே என்னும் 22 வயது மாணவியின் காரில், குறுக்கே ஓடிவந்த சிறுவன் ஒருவன் அடிபட்டு இறந்தான். பின்னாளில் உளவியல் அறிஞரான அவர், 2003 வரை அதைப்பற்றிப் பொதுவெளியில் பேசவே இல்லை. பேசிய பின் தம்மைப்போன்ற பலருக்குத் துணையானார். தவறுதலாகக் கொன்றவன் ஓடிப்போய்த் தங்க விவிலியத்தில் ஆறு அடைக்கலப் பட்டணங்கள் உண்டென்பதை அவர் எடுத்துக்காட்டினார். நண்பனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இருபத்தாறு வருஷமா?" என்று மட்டும் கேட்டான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரு பருவத் தேர்வை விட்டவன் அடுத்ததை எழுதிவிட்டான். வண்டியைத் தொடுவதில்லை, கல்லூரிக்கு நடந்தே வருகிறான். நாங்கள் முறைவைத்துக்கொண்டு உடன் நடக்கிறோம். சில நாள் பெரியவரைப் பற்றிப் பேசுவான். சில நாள் கிரிக்கெட் பேசுவான். சில நாள் ஒன்றும் பேசமாட்டான்.