பனிப்பாதையில் ஒரு பாடம்

பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்ற ஒருவனுக்குத் தன் வண்டியின் எந்தச் சக்கரம் சுழல்கின்றது என்பதும் தெரியாதிருக்கக் கூடுமோ என்று மாணவ நண்பர்கள் நகைக்கலாம். நகைப்பது நியாயமே. ஆயினும் அந்நிலை எனக்கு நேர்ந்தது. என் அறியாமையால் துன்புற்றவர் நான் அல்லேன். என்னை நம்பி வந்த ஒரு மூதாட்டியார். ஆதலின் அதனை மறையாது எழுதத் துணிந்தேன்.

நான் வசிக்கும் ஹோட்டன் என்னும் சிற்றூர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாகாணத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவினா தீபகற்பத்தில் உள்ளது. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வீசும் கடுங்குளிர் காற்று, உறையாத ஏரியின்மீது வருங்கால் நீராவியை முகந்துகொண்டு, கரையிலுள்ள குன்றுகளில் ஏறும்பொழுது அதனை வெண்பனியாகச் சொரிகின்றது. 1978-79ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இத்தீபகற்பத்தில் 390.4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 மீட்டர், பனி பெய்ததாகக் கணக்குண்டு. அவ்வுயரத்தைக் காட்டும் நெடும்பலகை ஒன்றை 41ஆம் எண் நெடுஞ்சாலையோரத்தில் நாட்டியிருக்கின்றனர். இத்தகைய இடத்தில், நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் பிக்-அப் வண்டி ஆடம்பரப் பொருளன்று. மழைநாட்டில் குடை போன்றதோர் அவசியமேயாம்.

என் அண்டை வீட்டில் பின்லாந்து மரபினரான ஒரு மூதாட்டியார் தனித்து வாழ்கின்றார். இருதய நோயுடைய அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதாக ஒரு புதன்கிழமை நான் ஏற்றுக்கொண்டேன். இரவு முழுதும் பனி பெய்திருந்தது. “இவ்வளவு பனியில் போகலாமா?” என்று அவர் ஐயுற, “நான்கு சக்கரமும் இழுக்கும், அச்சம் வேண்டா” என்றேன் நான். கைப்பிடியை மாற்றினேன், முன்பலகையில் நான்கு சக்கர விளக்கும் எரிந்தது. அவ்விளக்கை அவருக்குச் சுட்டிக் காட்டிப் பெருமையும் கொண்டேன்.

1959இல் கட்டப்பெற்ற தூக்குப் பாலத்தைக் கடந்து, ஹான்காக் நகருக்கு மேலுள்ள குவின்சிக் குன்றில் ஏறும்பொழுது, முன்சென்ற வண்டி நின்றமையால் நானும் நிறுத்த நேர்ந்தது. மீண்டும் புறப்பட முயன்றபோது வண்டி நகரவில்லை. சிறிது துடித்துப் பின்னோக்கி வழுக்கத் தொடங்கிற்று. பிரேக்கை அழுத்தியும் பயனில்லை. தெய்வாதீனமாகப் பாதையோரத்துப் பனிமேட்டில் சாய்ந்து நின்றது. மூதாட்டியார் ஒன்றும் பேசாமல் என் கையைப் பற்றிக்கொண்டார். அவர் கை நடுங்கியது. என் கையும் நடுங்கியது.

பனி அள்ளும் வண்டி ஓட்டுநர் ஒருவர் வந்து, சங்கிலி பூட்டி எங்களை மேட்டின்மேல் இழுத்துவிட்டார். சங்கிலியைக் கழற்றும்பொழுது அவர் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எந்தச் சக்கரங்கள் சுழன்றன?” எனக்கு விடை தெரியவில்லை. விளக்கு எரிந்ததென்று சொன்னேன். அவர் நகைக்கவில்லை, கீழே விரல் நீட்டினார். நாங்கள் சிக்கி நின்ற இடத்தில் பின்சக்கரங்கள் இரண்டு பள்ளம் தோண்டியிருந்தன. முன்சக்கரங்கள் நின்ற இடத்திலோ டயரின் கோடுகள் முத்திரை பதித்தாற்போலத் தெளிவாக இருந்தன. முன்சக்கரங்கள் முயலவே இல்லை என்பதைப் பனியே எழுதி வைத்திருந்தது, நான்தான் படிக்கவில்லை.

வைத்தியரிடம் ஒரு மணி நேரம் பிந்திச் சேர்ந்தோம். திரும்பி வந்து இறங்குகையில் அம்மூதாட்டியார், “அடுத்த புதன்கிழமையும் உன்னோடுதான் வருவேன். அதற்குள் இதைப் பார்த்துவிடு” என்றார். கடிந்திருந்தால் ஒருவாறு தாங்கியிருப்பேன். அவருடைய நம்பிக்கையே என்னை வருத்திற்று.

தொலைபேசியில் வினவிய பழுதுபார்ப்பவர் ஒருவர், டிரான்ஸ்பர் கேஸ் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். இயந்திரத்தின் வலிமையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் பெட்டியே அது. அதன் விலையோ என் இரண்டு மாதச் செலவுக்கு ஒப்பாகும். அப்பொழுதுதான் நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்லிவந்தது நினைவுக்கு வந்தது: காரணத்தைத் தேடுமுன் கண்டதைக் குறித்துக்கொள், அடுத்தடுத்த கண்ணியைச் சோதி.

கண்ணிகள் இவை. கைப்பிடி டிரான்ஸ்பர் கேஸைத் திருப்பவேண்டும். அதிலிருந்து முன்சுழல்தண்டு சுழலவேண்டும். தண்டு முன்னச்சைச் சுழற்றவேண்டும். என் வண்டியில் முன்னச்சின் ஒரு பக்கம் இரு துண்டுகளாக உள்ளது. இயந்திரம் உறிஞ்சும் வெற்றிடம் மெல்லிய ரப்பர்க் குழாய் வழியாக ஒரு சவ்வை இழுக்க, அச்சவ்வு ஒரு வளையத்தை நகர்த்தி அத்துண்டுகளைப் பிணைக்கும். பிணைப்பு இல்லையேல் வலிமையனைத்தும் அத்துண்டை வீணே சுழற்றுவதில் ஒழியும். மற்றப் பக்கச் சக்கரமும் இழுக்காது.

சமதரையில் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியரைப் பூட்டி, கைப்பிடியை நான்கு சக்கர நிலையில் வைத்தேன். பிணைப்பு வெற்றிடத்தால் நிகழ்வதாகையால் இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். பின்பு ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தித் தாங்கி வைத்துக் கையால் திருப்பினேன். தண்டு பூட்டப்பட்டிருப்பதால் சக்கரம் அசையலாகாது. அதுவோ குழந்தையின் பம்பரம்போல் எளிதாகச் சுழன்றது. கீழே நோக்கினேன், டிரான்ஸ்பர் கேஸ் தண்டை உறுதியாகப் பற்றியிருந்தது. ஆகவே குற்றம் அப்பெட்டியில் அன்று, அதற்கு அப்பால்.

மீண்டும் இயந்திரத்தை இயக்கி, ரப்பர்க் குழாயின் இயந்திரப் பக்க முனையைக் கழற்றி அவ்விடத்தில் விரலை வைத்தேன், வலுவாக உறிஞ்சிற்று. அதனைப் பொருத்திவிட்டு, அச்சுப் பக்க முனையில் விரல் வைத்தேன், ஒன்றுமில்லை. நடுவே, ஓர் இரும்பு விளிம்பில் உராய்ந்த இடத்தில், குளிரால் இறுகிய ரப்பர் நகக்கண் அளவு வெடித்திருந்தது. முழங்கை நீளப் புதுக் குழாய் ஒன்றினால் நோய் தீர்ந்தது. விளக்கு ஏன் பொய் சொன்னது? அது பொய் சொல்லவில்லை. டிரான்ஸ்பர் கேஸ் திரும்பியதை மட்டுமே அது அறியும். அதற்கு அப்பால் நிகழ்வதை அதனிடம் கேட்டது என் பிழை.

இன்னுமொரு சாட்சியையும் நான் புறக்கணித்திருந்தேன். இவ்வகை வண்டி திரும்பும்பொழுது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி செல்லும். இரு தண்டுகளும் பிணைந்திருந்தால், இறுகிய திருப்பத்தில் வண்டி சிறிது திமிறும். அது இயல்பு, அதனாலேயே உலர்ந்த சாலையில் நான்கு சக்கர நிலை ஆகாது. என் வண்டியோ அக்குளிர்காலம் முழுவதும் மிக மென்மையாகத் திரும்பியது. அதனை அதன் நற்குணமென்று மெச்சியிருந்தேன். குழாயை மாற்றிய பின் வெற்றுத்திடலின் பனியில் வட்டமிட்டபோது அது திமிறிற்று. அத்திமிறல் எனக்கு இன்னிசையாயிருந்தது.

அடுத்த புதன்கிழமை அம்மூதாட்டியாருடன் குன்றின் நடுவே வேண்டுமென்றே நிறுத்தி, மீண்டும் புறப்பட்டேன். வண்டி அமைதியாக ஏறிற்று. இறங்கும்பொழுது மட்டும் மிக மெதுவாக வந்தேன்; நான்கு சக்கரமும் இழுப்பது ஏறுவதற்கு உதவுமேயன்றி நிறுத்துவதற்கு உதவாது என்பதையும் அன்று வழுக்கியபோதே அறிந்துகொண்டேனன்றோ? அவர் முன்பலகையைப் பார்த்து, “விளக்கு எரிகிறதே” என்றார். “ஆம் அம்மா, ஆனால் இன்று காலை சக்கரத்தையும் கேட்டுவிட்டேன்” என்றேன்.

மாணவ நண்பர்களே, பிறரை நம் வண்டியில் ஏற்றுமுன், விளக்கை மட்டும் நம்பாது இறங்கிக் குனிந்து பார்ப்பது நம் கடமை. அதற்குப் பட்டம் வேண்டா. முழங்காலில் பனி படுவதற்குச் சம்மதம் இருந்தாற் போதும்.