தங்கச்சிக்கு ஒரு பயணக் கணக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பரிஸ் மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேருக்கு நீ லண்டனில இருந்து வாறது எனக்கும் அத்தானுக்கும் பெரிய சந்தோஷம். ஆனால் "ஒண்டேகால் மணித்தியாலம்தானே அக்கா, பிளேனில வாறன்" எண்டு எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கைத்தான் என்னால ஏற்க முடியேல்லை.

லண்டனுக்கும் பரிஸுக்கும் நேர்கோட்டில ஏறத்தாழ 344 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு பஸ்ஸில போற தூரம்கூட இல்லை. பிளேன் வானத்தில நிக்கிறது முக்கால் மணித்தியாலம், மிஞ்சினால் அம்பது நிமிஷம். ஏறி நிமிரமுன்னமே இறங்கத் தொடங்கீடும். ரிக்கற்றில போடுற மிச்ச நேரமெல்லாம் ஹீத்ரோவில ஓடுபாதைக்குக் காத்து நிக்கிறதும், இஞ்சை சார்ல் து கோல் விமான நிலையத்தில இறங்கினாப் பிறகு தரையில உருளுறதும்தான். ரெண்டு மணித்தியாலம் முந்தி அங்கை போய் நிக்கிறதை ஆர் கணக்கில சேர்க்கிறது? இஞ்சை பாஸ்போட் வரிசை வேறை. அதுவும் நகரத்துக்குள்ள இல்லை, 25 கிலோமீற்றர் வெளியில. ஆர்.ஈ.ஆர். ரயிலில இன்னும் அரை மணித்தியாலம். வேலைநிறுத்தம் எண்டால் அதுவும் இல்லை. இந்த நாட்டைத் தெரியும்தானே!

யூரோஸ்டார் ரயிலில வா. தண்டவாளத்தில 492 கிலோமீற்றர், பிளேனை விடத் தூரம் கூடத்தான். ஆனால் வேகமான ரயில் 2 மணி 16 நிமிஷத்தில கொண்டுவந்து விட்டிடும். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம் வரைக்கும் ஓடும். வழியில வாற, 1994இல திறந்த ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் 50 கிலோமீற்றர், அதில 38 கடலுக்கு அடியில. நீ பயப்பிட ஒண்டும் இல்லை, இருபது நிமிஷம் யன்னல் இருட்டாயிருக்கும், அவ்வளவுதான். எனக்குப் பிடிச்சது வேறை விசயம்: பிரெஞ்சுப் பொலிஸே லண்டன் சென் பாங்கிராஸ் ஸ்டேசனில இருந்து பாஸ்போட்டைப் பாத்து விடும். இஞ்சை வந்து நிக்க வரிசையே இல்லை. நீயும் ஈஸ்ட்ஹாமில இருந்து ட்யூபில மாறாமல் அந்த ஸ்டேசனுக்குப் போகலாம்.

காசு சிலவேளை கூட வரும், அதால இப்பவே எடு. சூட்கேஸ் ரெண்டு கொண்டு வரலாம், நிறுக்கிறதும் இல்லை. போத்தலில எவ்வளவு எண்டு அளக்கவும் மாட்டினம், அம்மாவின்ரை எலுமிச்சங்காய் ஊறுகாயைத் தாராளமாய்க் கொண்டு வா. ஆனால் இறைச்சிக் கறியும் தயிரும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் பிரிஞ்சாப் பிறகு, 2021இல இருந்து, அதுகளை உள்ள விடுறேல்லை. அம்மா கேக்கமாட்டா, நீதான் பையைத் திறந்து பாக்கவேணும்.

இஞ்சத்தை நேரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. காலமை பத்துக்கு வெளிக்கிட்டால் இஞ்சை ஒண்டேகால் தாண்டும். சமைச்சு வைக்கமாட்டன், கார் து நோர் ஸ்டேசனில இறங்கினால் லாச்சப்பல் நடக்கிற தூரம்தானே, அங்கையே சாப்பிடுவம். தேருக்கு முதல் நாளே வா, தேரண்டைக்குக் காலமை லாச்சப்பல் பக்கம் றோட்டெல்லாம் சனமாயிருக்கும்.

ரிக்கற் எடுத்த உடனை எந்த ரயில் எண்டு அத்தானுக்கும் அனுப்பு. அவர்தான் லீவு கேக்கவேணும்.

அன்புடன்,
அக்கா