பயாஸ்: மாற்றுவதற்கென்றே பிறந்த நிரல்

மடிக்கணினியின் தாய்ப்பலகையில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக, எட்டுக் கால்களோடு அமர்ந்திருக்கும் கறுப்புச் சில்லு ஒன்றில்தான் பயாஸ் என்னும் நிலைபொருள், அதாவது வன்பொருளோடு ஒட்டியே வாழும் நிரல், பதிந்திருக்கிறது. மின்விசையை அழுத்தியதும் நினைவகத்தையும் விசைப்பலகையையும் திரையையும் ஒவ்வொன்றாக எழுப்பி, பின்னர் வட்டிலுள்ள இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைப்பது அதன் வேலை. அதைப் புதுப்பிக்கும்போது நடுவே மின்சாரம் நின்றாலோ, திருத்திய கோப்பில் பிழை நேர்ந்தாலோ, விசிறி மட்டும் சுழல, திரை இருண்டே கிடக்கும். ஓர் இயந்திரத்தையே முடக்கிவிடக்கூடிய இந்நிரலை மாற்றி எழுதத்தக்கதாக ஏன் விட்டுவைத்தார்கள் என்ற கேள்வியோடு அதன் பிறப்பைத் தேடிச் சென்றால், மாற்றப்படுவதற்கென்றே அது பிறந்தது என்ற எதிர்பாராத விடையே கிடைக்கிறது.

'அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே பயாஸ். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கேரி கில்டால் 1970களின் நடுப்பகுதியில் உருவாக்கிய சிபி/எம் என்னும் இயங்குதளத்தில்தான் இப்பெயர் வழக்குக்கு வந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் வெவ்வேறு வட்டியக்கிகளையும் முனையங்களையும் கொண்டிருந்தமையால், வன்பொருளைத் தொடும் பகுதிகளை எல்லாம் தனியே பிரித்து ஒரு சிறு கூறாக்கி, அதை மட்டும் அந்தந்தக் கணினிக்கேற்ப எழுதிக்கொள்ளும்படி விட்டுவிட்டு, எஞ்சியதைக் கில்டால் எல்லாக் கணினிக்கும் பொதுவாக்கினார். அந்தச் சிறு கூறே பயாஸ். அது நெகிழ்வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றப்பட்டது. பயாஸ் என்றாலே அழிக்கமுடியாத சில்லில் உறைந்தது என்பதுபோல் பாடநூல்கள் பல எழுதுவது, கதையின் நடுவிலிருந்து தொடங்குவதால் நேர்ந்த பிழை. நிலைபொருள் என்று இங்கு சுட்டப்படும் ஆங்கிலச் சொல்லின் கதையும் இதுவே: 1967இல் கணினி அறிஞர் ஆஷர் ஓப்ளர் அச்சொல்லை ஆண்டபோது, செயலியின் உள்ளே மாற்றி ஏற்றத்தக்க நுண்நிரலையே மனத்தில் கொண்டிருந்தார்.

உறைதல் 1981இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினியில் பயாஸ், எழுதி முடித்தபின் படிக்க மட்டுமே இயலும் ரோம் சில்லில் 8 கிலோபைட் அளவில் வைக்கப்பட்டது. அதன் நிரல்வரிகள் முழுவதையும் ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டுத் தந்தது தாராள மனத்தைக் காட்டுவதாகத் தோன்றினாலும், பதிப்புரிமை அதன் கையில் இருந்தமையால், படித்தவர் அதைப் பார்த்து எழுதினால் வழக்கில் சிக்குவார். ஆகவே ஃபீனிக்ஸ் நிறுவனம் ஒரு குழுவைக் கொண்டு பயாஸ் என்ன செய்கிறது என்பதை மட்டும் குறிப்பெடுக்கச் செய்து, மூலவரிகளைக் கண்ணாலும் பாராத மற்றொருவரைக் கொண்டு அக்குறிப்பிலிருந்து புதிதாக எழுதவைத்து, 1984இல் ஐபிஎம்முக்கு இணக்கமான கணினிகளைச் செய்த பிற நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியது.

அந்த முதல் பயாஸின் ஒரு மூலை கூர்ந்து நோக்கத்தக்கது. அக்கணினியின் 8088 செயலி, மின்சாரம் வந்ததும் ஒரு மெகாபைட் முகவரிவெளியின் முடிவுக்கு 16 பைட் முன்னால் இருக்கும் இடத்தைத்தான் முதலில் படிக்கும். அங்கே ஐந்து பைட் நீளமுள்ள தாவல் கட்டளை ஒன்றும், அதை அடுத்து '04/24/81' என்று நிரலின் தேதி வெறும் எழுத்துகளாகவும் இருந்தன. முகவரிவெளி பன்மடங்கு பெருகியும், பழைய பயாஸின் இடத்தை, பேச்சில் இன்றும் பயாஸ் என்றே வழங்கும் யூஈஎஃப்ஐ என்னும் பெரிய அமைப்பு பிடித்தும், முடிவுக்கு 16 பைட் முன்னால் தொடங்கும் வழக்கம் இந்தச் செயலிக் குடும்பத்தில் இன்றும் மாறவில்லை.

1990களில், மின்சாரத்தாலேயே அழித்து எழுதத்தக்க ஃபிளாஷ் சில்லுகள் தாய்ப்பலகைகளில் பரவியதோடு பயாஸ் தன் பிறவிக்குணத்துக்குத் திரும்பியது. ஆபத்தும் உடன் வந்தது. தைவானில் மாணவராயிருந்த சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 அன்று செயற்பட்டு, வட்டின் தொடக்கத்தை அழித்ததோடு, இடமளித்த பலகைகளில் பயாஸையும் குப்பையால் நிரப்பியது. இத்தகைய முடக்கத்திலிருந்து மீட்க, சில்லின் ஒரு சிறு பகுதியை, தொடக்கத் தொகுதி என்ற பெயரில், சாதாரணப் புதுப்பித்தல் தொடாதவாறு பிரித்துவைத்தனர். எஞ்சியது பாழானால் அப்பகுதி நெகிழ்வட்டில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடி எடுத்துத் தன் உடலைத் தானே நிரப்பிக்கொள்ளும். இன்றைய மடிக்கணினிகள் சிலவற்றில் நெகிழ்வட்டின் இடத்தில் யூஎஸ்பி நினைவுக்குச்சி வந்திருக்கிறது.

தொடக்கத் தொகுதியே சிதைந்தால் வெளியிலிருந்துதான் எழுதவேண்டும். மின்கலத்தைக் கழற்றியபின், சில்லின் மேல் உள்ள புள்ளி முதற்காலைக் காட்ட, சில்லின் கால்களைக் கவ்வும் கிளிப்பை, அதன் சிவப்புக் கம்பி அந்தக் காலில் பொருந்தும்படி கவ்வவைத்து, புரோகிராமர் என்னும் சிறு கருவி வழியாக முதலில் பழைய உள்ளடக்கம் படிக்கப்படுகிறது. சில்லின் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பாராமல் கருவியை இணைப்பதே தொடக்கநிலையினர் செய்யும் பெருந்தவறு. இருமுறை படித்த கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலோ, கோப்பு முழுவதும் எஃப்எஃப் என்னும் வெற்று மதிப்பே நிரம்பியிருந்தாலோ, பெரும்பாலும் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். இன்டெல் பலகைகள் பெரும்பாலானவற்றில் முதல் 16 பைட்களை அடுத்து '5ஏ ஏ5 எஃப்0 0எஃப்' என்னும் நான்கு பைட்கள் தென்பட்டால் தொடக்கம் சரியாக வந்திருக்கிறது எனக் கொள்ளலாம். அப்பழைய கோப்பு பாழானதே ஆயினும் எறியத்தக்கதன்று. இயந்திரத்தின் வரிசையெண், விண்டோஸ் உரிமக்குறி போன்ற, அந்த ஓர் இயந்திரத்துக்கு மட்டுமே உரியவை அதில்தான் இருக்கும். அதே மாதிரியின் வேறொரு கணினியிலிருந்து எடுத்த நகலை அப்படியே ஏற்றினால் கணினி எழக்கூடும். எழுந்தாலும் பிறர் பெயரோடுதான் எழும்.

மாற்றும் உரிமைக்குப் பின்னர் வந்த எல்லை, 2013இல் ஹாஸ்வெல் செயலிகளோடு இன்டெல் அறிமுகப்படுத்திய பூட் கார்டு. உற்பத்தியாளரின் திறவுகோல் அடையாளம் ஆலையிலேயே சில்லுத்தொகுதியின் உருகிகளில் எரித்துப் பதிக்கப்படுகிறது. மின்சாரம் வந்ததும், பயாஸின் தொடக்கப்பகுதி அத்திறவுகோலால் கையொப்பமிடப்பட்டதா என்று செயலி சோதிக்கிறது. இக்காவல் முழுமையாக இயக்கப்பட்ட பலகையில், எட்டுக் கால் சில்லை எத்தனை முறையும் அழித்து எழுதலாம். ஆனால் கையொப்பத்தின் கீழ் வரும் பகுதியில் ஒரு பைட் மாறியிருந்தாலும் கணினி எழாது.