தடுக்கிற் கிடந்த பேரன்

மலர்க் குழுவினர் கட்டுரை வேண்டி எழுதியபொழுது, விடுதிச் சாலை நினைவுகளையே எழுத எண்ணினோம். ஆயினும் சென்ற ஆண்டு முழுவதும் எம் கருத்தை ஆட்கொண்டிருந்தது பிறிதொன்று. பழைய மாணவரிற் பலர் இன்று பேரரைக் கண்டவராதலின், அதனையே எழுதத் துணிந்தோம்.

1990 ஆம் ஆண்டு மயிலிட்டியை விட்டு நீங்கிய எம் குடும்பம், 2017 இல் ஊரின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்ட பின்னரே மீண்டது. மீண்ட மண்ணில் முதற் பேரன் எட்டு வாரம் முந்திப் பிறந்தான். பிறந்தவுடன் மூச்சுத் திணறியமையாற் சில வாரம் வைத்தியசாலையிலேயே வளர்ந்தான். வீடு வந்தபின், அவனைப் பார்த்து வந்த வைத்தியர் ஒருநாள், “பிள்ளையை வீடியோப் படம் பிடித்து அனுப்புங்கோ, ஐயா” என்றார். மெல்லிய உடையோடு மல்லாக்கக் கிடத்தல் வேண்டும்; கிலுக்கட்டி, சூப்பி எதுவும் கூடாது; எவரும் முகங்காட்டிப் பேசலாகாது; விழித்து அமைதியாயிருக்கும் வேளையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் மேலிருந்து பிடித்தல் வேண்டும்.

இம்முறையை வகுத்தவர் ஹைன்ஸ் பிரெக்ட்ல். ஒஸ்திரியாவிற் பிறந்து நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரிற் பணியாற்றிய வைத்தியர். குழந்தையைத் தட்டிப் பார்ப்பதினும், தொடாது அதன் இயல்பான அசைவைப் பார்த்தலே நரம்பின் நிலையை நன்குணர்த்தும் என்பது அவர் துணிபு. பிறக்கவேண்டிய நாளிலிருந்து எண்ண ஒன்பதாம் வாரம் முதல் இருபதாம் வாரம் வரை, நலமுள்ள குழந்தையின் கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் சிறு சிறு அசைவுகள் எத்திசையிலும் ஓடிய வண்ணமிருக்கும். கால் உதைத்தல் வேறு. இது அதனினும் நுண்ணியது. 1997 இல் அவர் குழுவினர் 130 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, இவ்வசைவு தோன்றாத குழந்தைகளிற் பெரும்பாலார்க்குப் பின்னர் பெருமூளைவாதம் முதலிய குறைபாடுகள் நேர்ந்தமையைக் காட்டிற்று. முன்னெல்லாம் ஓராண்டு ஈராண்டு கழிந்தே இந்நோய் தெளிவாகும்.

எம் மனையாளுக்கு இஃது உவப்பாயில்லை. “இஞ்சருங்கோ, கிடக்கிற பிள்ளையைப் படமெடுத்தால் நாவூறு படும்” என்றார். கன்னத்திற் கரும்பொட்டு இட்டபின்னரே இணங்கினார். முதல் நாட் படத்திற் பேரன் அழுதான். இரண்டாம் நாட் படத்தில் அம்மம்மாவின் கையும் கொஞ்சலும் நிறைந்திருந்தன. மூன்றாம் நாள் அவர் அடுக்களைக்கு அனுப்பப்பட்டார்.

யாம் விடாது நின்றமைக்குக் காரணமுண்டு. எம் தம்பி 1956 இற் பிறந்தவன். ஒன்றரை வயதாகியும் இருக்கவில்லை. “ஆண்பிள்ளை, ஆறுதலாய்த்தான் எழும்புவான்” என்றனர் சுற்றத்தார், அன்னையாரும் நம்பினார். நோயின் பெயரை யாம் அறிந்தபோது அவனுக்கு நான்கு வயது. 1990 இல் ஊரைவிட்டு ஓடுகையில், முப்பத்துநான்கு வயதினனான அவனைச் சாக்குக் கட்டிலிற் கிடத்தி நால்வர் சுமந்தோம். அவன் ஊர் திரும்பவில்லை.

பத்து நாளின் பின் வைத்தியர் அழைத்தார். பயிற்சிக்கென எடுத்த, நலமுள்ள குழந்தையொன்றின் படத்தை முதலிற் காட்டி, பின் எம் பேரனின் படத்தை ஓடவிட்டார். எமக்கு வேற்றுமை தெரியவில்லை. கரைவலைக்காரர் நீரின் நிறங்கண்டு மீனுண்மை அறிவர். பக்கத்தில் நிற்பவனுக்கோ அது வெறுங்கடல். மூன்றாம் முறை பார்த்தபோதுதான் புலப்பட்டது. அக்குழந்தையின் மணிக்கட்டும் கணுக்காலும் ஓயாது சிறிது சிறிதாகச் சுழன்றன. எம் பேரன் உதைத்தான், பின்னர் கிடந்தான், இடையில் ஒன்றுமில்லை.

ஒரு படத்தால் முடிவு கூறலாகாதென்று இரு வாரத்தின் பின் இன்னொன்று கேட்டார். அதிலும் அவ்வசைவில்லை. மூளையை எடுத்த படமும் உடற் பரிசோதனையும் அதனோடு ஒத்தன. அன்றிரவு வீட்டில் எவரும் உண்ணவில்லை.

மறுவாரமே இயன்மருத்துவரிடம் பயிற்சி தொடங்கிற்று. மூளை வளைந்து கொடுக்கும் பருவம் இதுவென்று, கையை எட்டி நீட்டவும், புரளவும், தானே முயன்று பொருளைப் பற்றவும் பழக்கினர். வீட்டிலும் நாளும் செய்வித்தோம். குணமாகிவிடும் என்று வைத்தியர் கூறவில்லை, யாமும் கேட்கவில்லை.

இப்பொழுது அவனுக்கு ஒன்றரை வயது. தானே இருக்கிறான். சாளரக் கம்பியைப் பற்றி எழுந்து நிற்கிறான்; இடக்கால் நுனியில்தான் ஊன்றுகிறது. திங்கள்தோறும் வைத்தியருக்குப் படம் செல்கிறது. கைத்தொலைபேசியை எம்மிடம் தராது, தாமே பிடிப்பவர் எம் மனையாள்.