அடுத்த வருஷம் பார்ப்போம்!

கால்பந்து ரசிகனுக்கு வருஷத்தில் இரண்டே பருவம்தான். ஒன்று, அவன் அணி ஆடுகிற மாதங்கள். அதில் பெரும்பாலும் வயிற்றெரிச்சல். இன்னொன்று, அணி ஆடாத மாதங்கள். உண்மையைச் சொன்னால் அவன் நிம்மதியாக இருப்பது இந்த இரண்டாவதில்தான். அப்போது யாரும் தோற்பதில்லையே!

காரைக்குடியில் ஏது கால்பந்து ரசிகன் என்று கேட்காதீர்கள். கம்மிதான், ஆனால் இருக்கிறார்கள். டீக்கடையில் பத்துப் பேர் நின்றால் ஒன்பது பேர் தோனியைப் பற்றிப் பேசுவார்கள். பத்தாவது ஆள் மட்டும், "தோனி ஃபுட்பால் டீம்லயும் பங்கு வாங்கினாருல்ல, தெரியுமா?" என்று ஆரம்பிப்பான். அவன்தான் சென்னையின் எஃப்.சி. ரசிகன். மேட்ச் பார்க்க அவன் 400 கிலோமீட்டர் போக வேண்டும். விடிகாலை பல்லவனில் ஏறினால் மதியம் சென்னை. மேட்ச் தொடங்குவது ராத்திரி ஏழரைக்கு. பல்லவனோ பிற்பகலிலேயே ஊர் திரும்பக் கிளம்பிவிடும். ஆகவே திரும்ப வர ராத்திரி பஸ்தான் கதி. தோற்றுவிட்டு வருகிற ராத்திரி பஸ்ஸில் தூக்கம் வராது என்பது அனுபவஸ்தர்கள் சொல்வது.

கணக்குக்குப் பேர் போன ஊர் இது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் பேரேட்டில் ஒரு காசு விடமாட்டார்கள். பி.காம். முதல் வருஷத்தில் சொல்லித்தருவதும் அதே பாடம்தான்: இந்த வருஷ முடிவில் நிற்கிற பாக்கி அடுத்த வருஷத்தின் முதல் வரியில் ஏறியாக வேண்டும். தப்பிக்க வழியே கிடையாது.

ரசிகன் மட்டும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. சென்னையின் எஃப்.சி. கணக்கைப் பாருங்கள். 2018-19இல் கடைசி இடம். 2020-21, 2021-22, 2022-23 மூன்று சீசனிலும் எட்டாவது இடம் (வேண்டுமென்றாலும் இப்படி ஒரே இடத்தில் நிற்க முடியாது). 2023-24இல் ஆறாவதாக வந்து பிளே-ஆஃப்பில் கோவாவிடம் தோற்றது. 2024-25இல் 13 அணிகளில் பதினொன்றாவது. எந்தக் கணக்கப்பிள்ளையிடம் காட்டினாலும் கடையை மூடச் சொல்லியிருப்பார். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் ரசிகன் மஞ்சள் தடவி புதுக்கணக்கு போட்டான். பழைய பாக்கி? அது வேற நோட்டு! புதுசாக வரும் வெளிநாட்டு வீரனின் இரண்டு நிமிஷ வீடியோவைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் கப் நமக்குத்தான்டா" என்று சத்தியம் செய்தான்.

இது வெறும் பைத்தியம் என்றும் சொல்லிவிட முடியாது. அவன் கையில் ஆதாரம் இருக்கிறது. 2015இல் இதே அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்க, சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடி 3-0 என்று ஜெயித்தது. கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் 90வது நிமிஷம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்தது. கடைசி சில நிமிஷங்களில் கோவா கோல்கீப்பரின் சேம்சைடு கோல் ஒன்று, மெண்டோசாவின் கோல் ஒன்று. 3-2, கோப்பை! 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே வைத்து அதே 3-2 கணக்கில் வென்று இரண்டாவது கோப்பை. இங்கிலாந்தில் 2015இல் லெஸ்டர் சிட்டிமீது ஒரு பவுண்டு பந்தயம் கட்டினால் 5000 பவுண்டு தருகிறோம் என்று சிரித்தார்கள். 2016 மே மாதம் அந்த அணி சாம்பியன். இப்படி ஒன்று நடந்துவிட்டால் போதும், உலகம் முழுக்க ரசிகர்களுக்கு இருபது வருஷத்துக்குத் தாங்கும்.

ஆனால் 2025 கோடையில் நடந்தது வேறு. "அடுத்த சீசனில் எத்தனாவது இடம்?" என்று கேட்டுப் பழகியவர்கள் முதல் முறையாக, "அடுத்த சீசன் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டி வந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010இல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடியவிருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு வராததால் ஜூலையில் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. பயிற்சியாளர் ஓவன் கோயல் விடைபெற்றுவிட்டார். ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் முதன்மை அணியின் வேலைகளையே நிறுத்திவைத்தது. பிறகு லீக்கின் வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் பார்த்தால் ஒருத்தர்கூட விண்ணப்பிக்கவில்லை. பூஜ்யம்!

கிரிக்கெட் ரசிகர்களும் இதுபோல் காத்திருந்தவர்கள்தானே என்று கேட்கலாம். சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 இரண்டு வருஷம் ஆடவில்லை. 2018இல் திரும்பி வந்த சூட்டோடு கோப்பையையும் தூக்கியது. ஆனால் அந்தத் தண்டனைக்கு ஒரு காலக்கெடு இருந்தது. காலண்டரில் கிழித்துக்கொண்டே வரலாம். கால்பந்துக்காரனுக்கு அந்த வசதிகூட இல்லை. அவனுக்கு ஞாபகம் வந்தது கோவை. 2018-19இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணிக்கு அந்த ஊர்தான் சொந்த மைதானம். 2020-21க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் ஆடவே இல்லை. சாம்பியனான இரண்டே வருஷத்தில்! தோற்கிற அணிக்கு அடுத்த வருஷம் உண்டு. இல்லாமல் போகிற அணிக்கு ஏது?

அந்த மாதங்களில் ரசிகர்கள் பேச்சே மாறிப்போனது. யாரை வாங்க வேண்டும், யாரைக் கழற்றிவிட வேண்டும் என்று சண்டையில்லை. "பத்தாவது இடம் வந்தாலும் பரவாயில்லப்பா, ஆடுனா போதும்" என்றார்கள். சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்களே 2026 ஜனவரியில் ஃபிஃபா தலையிட வேண்டும் என்று வீடியோ போட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. சில நாளிலேயே அறிவிப்பு வந்தது: 14 அணிகள், 91 ஆட்டங்கள், பிப்ரவரி 14 முதல். ஒரு அணிக்கு 13 ஆட்டம். வழக்கத்தில் பாதிதான். அதற்கே ரசிகன் கோப்பை வாங்கியதுபோல் குதித்தான்.

இதில் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஆஃப் சீசனில் ரசிகன் கனவு காண்பது கோப்பையை என்று எல்லோரும் நினைக்கிறோம். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில் அவனுக்கு வேண்டியது ஒரு அட்டவணை. இன்ன தேதி, இன்ன ஊர், இன்ன எதிரணி என்று அச்சடித்த ஒரு பட்டியல். அது கையில் இருந்தால்தான் லீவு சொல்ல, பஸ்ஸுக்குப் பதிவு செய்ய, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு நீலச் சட்டையில் கிளம்ப முடியும். ஜெயிப்பதும் தோற்பதும் அப்புறம் வருகிற வரவு செலவு. முதலில் ஒரு நோட்டு வேண்டுமே!

"அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பதைத் தோற்றவன் சொல்லும் சமாதானம் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டு என்பதே எவ்வளவு பெரிய சொத்து என்று, ஒரு முறை அது கைநழுவப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். இனி பதினொன்றாவது இடம் வந்தாலும் அவன் திட்டுவான், ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வருவான், காலையில் புதுக்கணக்கு போடுவான். அணி ஆடினால் சரி.