கல் உடைத்த காது

தளவானூர்க் குன்றின் அடிவாரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெயில் தணிந்துவிட்டது, பாறையின் சூடு மட்டும் மிச்சமிருக்கிறது. காரில் வந்திறங்கிய இரண்டு குடும்பங்கள் குடைவரைக்குள் நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சிவன் கோயில் இது. சத்ருமல்லன் என்ற அவனுடைய பட்டப்பெயரால் சத்ருமல்லேசுவரம் ஆயிற்று. முகப்பில் வாயிற்காவலர்கள், தூண்களுக்கு மேலே வளைந்தோடும் மகர தோரணம். பெரியவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் உள்ளே ஓடிக் கூவிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கூவலையும் பாறை வாங்கித் திருப்பித் தருகிறது.

வெளியே ஒரு கல்லின் மேல் துண்டை மடித்துப் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். வந்தவர்களில் ஒருவர் மண்டபத்துக்குள் நின்றபடியே அவரைக் கேட்கிறார்:

"ஐயா, மண்டகப்பட்டுக்கு எப்படிப் போகணும்?"

பெரியவர் நிமிர்ந்து பார்க்கிறார். பதில் வரவில்லை. கேட்டவர் இன்னும் பலமாகக் கேட்கிறார். கூடவே எதிரொலியும் பலமாகிறது. பெரியவர் கையசைத்துக் கூப்பிடுகிறார்: "வெளிய வாங்க சார். இங்க நின்னு சொல்லுங்க."

அவர் வந்து முகத்துக்கு நேரே நின்று, சாதாரணக் குரலில் அதே கேள்வியைக் கேட்கிறார். இப்போது வழி தெளிவாக வருகிறது. எங்கே திரும்புவது, வண்டியை எங்கே நிறுத்துவது, அங்கேயும் இதே ராஜாவின் கோயில்தான் என்பதுவரை. பெரியவரின் காதுத் துளைக்குள் தோல் நிறத்தில் அடங்கியிருக்கும் சின்னப் பொருளை வந்தவர் அப்போதுதான் பார்க்கிறார். பார்த்ததும் மறுபடி குரலை உயர்த்துகிறார்.

"கத்தாதீங்க சார். மெதுவா சொன்னாலே போதும்."

கத்தினால் எழுத்துகள் உடைந்துபோகும். காது மிஷின் ஒலியைப் பெருக்கித் தருகிறது. எதிரொலியையும் சேர்த்தே பெருக்குகிறது. கல் மண்டபத்திலும், ஓடும் பேருந்திலும், கல்யாணக் கூடத்திலும் அதை அணிந்தவர் திணறுவதற்குக் காரணம் இதுதான். ஒருவர் இரண்டடி கிட்டே வந்து நின்றால், அந்தத் திணறலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தக் காதுகள் கெட்ட கதை ஊருக்குத் தெரியும். திண்டிவனம், வானூர் பக்கத்துக் கல் குவாரிகளில் கம்ப்ரசர் வண்டியோடு போய்ப் பாறையில் குழி போட்டவர் இவர். வெடி மருந்து இறக்க வேண்டிய குழிகள். கையில் அதிரும் அந்தத் துளைக்கருவியின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் காது தாங்கும் எல்லை என்பது பொதுவான கணக்கு. காதில் வைத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்ததெல்லாம் பஞ்சு. உட்செவியில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் இப்படிச் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது விளங்காது. வீட்டில் இருப்பவர்கள் அதைக் கவனக்குறைவு என்பார்கள், பிடிவாதம் என்பார்கள். இவரையும் பல காலம் அப்படித்தான் சொன்னார்கள்.

ராத்திரி எட்டரை. சாப்பாடு முடிந்துவிட்டது. திண்ணை விளக்கடியில் பெரியவர் சம்மணமிட்டு உட்கார்கிறார். கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாயிற்று. மடியில் துண்டை விரித்துக்கொள்கிறார், தவறி விழுந்தாலும் துணிமேல் விழட்டும் என்று. வலது காதிலிருந்து நீண்டிருக்கும் மெல்லிய நைலான் இழையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து இழுக்கிறார். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று உள்ளங்கையில் வந்து விழுகிறது. அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. இடது காதிலிருந்து வருவதில் நீலப் புள்ளி. சிவப்பு வலம், நீலம் இடம்.

இந்தக் கூடு அவருடைய காதுக்கென்றே செய்தது. அச்சு எடுக்கும்போது, நூல் கட்டிய சிறு பஞ்சுத் துண்டைக் காதுக்குள் முதலில் வைப்பார்கள். கலவை செவிப்பறைவரை போகாமல் அது தடுக்கும். பிறகு சிலிகான் கலவையைச் செலுத்தி, சில நிமிடம் இறுகவிட்டு உருவி எடுப்பார்கள். காதின் வளைவு நெளிவு அத்தனையும் அதில் பதிந்திருக்கும். அந்த அளவுக்குக் கூடு வார்த்து, உள்ளே மைக்கும் பெருக்கியும் குட்டி ஒலிபெருக்கியும் வைத்து மூடுவார்கள். இன்னொருவர் காதில் அது உட்காராது. அவர் காதிலேயே காலம் முழுக்க உட்காரும் என்பதும் இல்லை. உடம்பு மெலிந்தாலோ வயதோடு காதுக் குழல் தளர்ந்தாலோ கூடு லூசாகிவிடும். அச்சு புதிதாக எடுக்க வேண்டும்.

பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். ஐந்தாம் வகுப்பு. தாத்தாவின் தோளைத் தொட்டு, முகத்தைத் திருப்பவைத்து, பிறகுதான் பேசுகிறாள். மிஷின் இல்லாத காது என்பது அவளுக்குத் தெரியும். வாயை நன்றாக அசைத்துக் கேட்கிறாள்:

"பேட்டரிய எடுத்துட்டியா தாத்தா?"

"எடுக்குறேன்டா கண்ணு. மொதல்ல தொடைக்கணும்."

உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கிறார். தண்ணீர் கிடையாது, ஸ்பிரிட் கிடையாது. அடுத்து, நுனி நகத்தளவு மயிர் வைத்த பிரஷ். ஒலி வெளிவரும் முனையைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு தேய்க்கிறார். குறும்பித் துகள் துண்டில் உதிர்கிறது. முனையை மேலே பார்க்கப் பிடித்துத் தேய்த்தால் அதே துகள் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். மிஷின் கெட்டுப்போச்சு என்று தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பலருக்கு அங்கே அடைத்திருப்பது இந்தக் குறும்பிதான். முனையில் கடுகளவு வெள்ளை வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதைப் பேத்தி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள்.

"மஞ்சளாயிடுச்சு தாத்தா. மாத்தணும்."

சின்னக் குச்சி ஒன்றை எடுக்கிறாள். ஒரு முனையால் பழைய வடிகட்டியைக் குத்தி இழுக்கிறாள். குச்சியைத் திருப்பி, மறுமுனையில் இருக்கும் புதியதை அதே துளையில் அழுத்துகிறாள். தாத்தாவின் விரலுக்கு இந்த வேலை பிடிபடவில்லை. குவாரி அதிர்வு விரல்களிலும் மரப்பை விட்டுப் போயிருக்கிறது. வீட்டில் இதை யார் செய்வது என்ற பேச்சே ஒருநாளும் எழுந்ததாகத் தெரியவில்லை. அவள் கை தானாக நீளுகிறது.

பேட்டரிக் கதவைத் திறந்து, பழுப்பு ஸ்டிக்கர் வகைப் பேட்டரியை வெளியே எடுக்கிறார். 312 என்று எண் போட்டது. ஸ்டிக்கரைக் கிழித்ததும் நுண்ணிய துளை வழியே காற்று போய்த்தான் அது வேலை செய்யும். அதனால் கிழித்தவுடன் மாட்டாமல் ஒரு நிமிஷமாவது வெளியே வைக்கிறார். திரும்ப ஒட்டிவைத்துச் சேமிக்கிற வித்தை பலிக்காது. ஒன்று ஏறக்குறைய ஒரு வாரம் வரும். தீரப்போகும்போது காதுக்குள் 'பீப்' என்று சொல்லும்.

கதவு திறந்தபடியே இரண்டு கருவிகளும் ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள் போகின்றன. அடியில் சிலிக்கா ஜெல் மணிகள். நீலமாக இருந்தால் ஈரம் குடிக்கத் தயார். ரோஜா நிறம் கண்டால் குடித்து நிறைந்துவிட்டன, சூடுகாட்டி உலர்த்த வேண்டும். பகல் முழுக்கக் காதில் ஊறிய வியர்வையை ராத்திரியில் இந்த மணிகள் வாங்கிக்கொள்கின்றன. ஐப்பசி அடைமழைக் காலத்தில் இந்த டப்பா இல்லாவிட்டால் கருவி மூச்சடைத்துப்போகும். டப்பாவும் பேட்டரி அட்டையும் மாடத்தின் உச்சிக்கு ஏறுகின்றன. தெருவில் தவழும் குழந்தைகள் இருக்கிறார்கள். பொத்தான் அளவுப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது. குறும்பி வாடைக்கு நாயும் கருவியைக் கவ்விக்கொண்டு போகும்.

மறுநாள் காலை. பெரியவர் குளித்துவிட்டு வந்து, தலை காய்கிறவரை வெயிலில் நிற்கிறார். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கன்று இன்னும் நேரமாகும்; காது மடலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்வரை மிஷினைத் தொடமாட்டார். இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வலது காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடிக்கிறார். சிவப்புப் புள்ளியை உள்ளே வைத்து மெல்லத் திருகுகிறார். வாயை இரண்டு தடவை திறந்து மூடுகிறார். கூடு தன் இடத்தில் உட்காருகிறது. உள்ளங்கையைக் குவித்துக் காதை மூடுகிறார். 'உய்' என்று ஒரு விசில். சோதனை முடிந்தது. கை வைத்தால் விசிலடிப்பது உயிரோடு இருக்கிறது. கை வைக்காமலே விசிலடித்தால் சரியாக உட்காரவில்லை, அல்லது காதுக்குள் குறும்பி சேர்ந்திருக்கிறது. அந்தக் குறும்பியை ஊக்கால் நோண்டக் கூடாது. எடுப்பது டாக்டர் வேலை.

உள்ளே பேத்தி பாடம் படிக்கிறாள். "அப்படி இல்ல, மறுபடி படி" என்று வாசலிலிருந்தே திருத்துகிறார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். ஆனாலும் அவள் விழுங்கிவிட்ட எழுத்து எது என்று காது பிடித்துவிடுகிறது. மிஷின் வாங்கிவந்த முதல் வாரத்தில் இதே காதுக்குப் பாத்திரம் வைக்கும் சத்தம் அடியாக விழுந்தது. தன் குரலே பானைக்குள்ளிருந்து வருவதாகச் சொன்னார். கழற்றி எறியப் போனவரை மருமகள்தான் உட்காரவைத்தாள். முதலில் வீட்டுக்குள், ஒருவர் பேசும்போது மட்டும், ஒரு மணி நேரம்; பிறகு இரண்டு மணி; பிறகு தெரு; கடைசியில் கடைவீதி. பல வருஷம் கேளாமல் இருந்த ஒலிகளை மூளை மறுபடி பழகிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் பக்கத்தில் ஒருவர் பொறுமையாக இருந்தால் மிஷின் காதில் நிலைக்கும்.

பத்து மணிக்குப் பக்கத்துத் தெரு மூதாட்டி வந்து திண்ணையில் உட்கார்கிறார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கருவியை எடுத்து வைக்கிறார். காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை. முகாமில் கொடுத்தது.

"இது கூ-ன்னு கத்துது தம்பி. வச்சா தலை நோவுது. பீரோவுலயே கெடக்குது. ஒன்னுது மாதிரி உள்ள வைக்கிறது எங்க கெடைக்கும்?"

பெரியவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கதவைத் திறக்கிறார். பழைய பேட்டரி உள்ளேயே இருந்து, கம்பியில் பச்சை பூத்திருக்கிறது. காதுக்குள் போகிற குழாய் மஞ்சளாகி விறைத்திருக்கிறது. இதுவரை யாரும் அதை மாற்றிக் கொடுக்கவில்லை. மாற்ற வேண்டும் என்று சொல்லவும் இல்லை.

"அக்கா, ஒனக்குக் காதுல சீழ் வருமே, நின்னுடுச்சா?"

"மழைக்கு மழை வருது."

"அப்பன்னா உள்ள வைக்கிறது ஒனக்கு ஆவாது. காத்து போவணும். ஒன் வெரலும் மடங்க மாட்டேங்குது. இதான் ஒனக்கு நல்லது. கொழாய மாத்தி, அளவு வச்சுக் கொடுக்கச் சொல்லணும். செவ்வாக்கெழமை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வரேன்."

மறைவாக இருக்கிறது என்பதற்காகவே காதுக்குள் வைக்கும் வகையைக் கேட்கிறவர்கள் அதிகம். சீழ் வடியும் காதுக்கும், அறவே கேளாத காதுக்கும், சின்னப் பொருளைப் பிடிக்க முடியாத விரலுக்கும் அது பொருந்தாது. பெரியவருக்கு இந்த விவரம் தெரிந்தது அவர் நாலு பேரைக் கேட்டதால். மூதாட்டிக்குத் தெரியாமல் போனது அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசாததால்.

காதொலிக் கருவிகளை உதவியாக வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் வழங்குகிறது. உலகில் 43 கோடிப் பேருக்குக் கேட்புக் குறைக்கான உதவி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில் சொன்னது. கொடுக்கிற கை நல்ல கைதான். அந்தக் கை இரண்டாம் தடவையும் நீள வேண்டும். கொடுத்த ஒரு மாதத்தில் ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை அதே ஊருக்கு வந்து குழாயைப் பார்த்து, சத்தத்தைச் சரிசெய்து, பேட்டரி எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிரஷ் பிடிக்கத் தெரிந்த ஒருவரை ஒவ்வோர் ஊரிலும் பழக்கிவைக்க வேண்டும். பத்து வயதுப் பெண்ணால் முடிகிற வேலை இது என்பதைத் தளவானூர்த் திண்ணையில் பார்க்கிறோம்.

பெரியவர் மூதாட்டியின் கருவியிலிருந்து பச்சை பூத்த பேட்டரியைத் தட்டி எடுத்துக் காகிதத்தில் மடிக்கிறார். வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுக்கிறார்:

"அம்மா, செவ்வாக்கெழமை காலைல எங்க ரெண்டு பேருக்கும் சோறு கட்டிக் குடும்மா. ஆஸ்பத்திரில நேரமாவும்."