தறிக்குழியில் தண்ணி... வேனில் நாங்க!

எங்க வேன் டிரிப்புக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? வடகிழக்குப் பருவமழை!

புரியலையா? எங்க வீடு காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையத்துல. அப்பா பட்டு நெசவாளர். தறி, குழித்தறி. தரையில குழி வெட்டி, அதுக்குள்ள காலை விட்டு உட்கார்ந்துதான் மிதிக்கணும். ஐப்பசி பிறந்துட்டா அந்தக் குழியில அடியிலிருந்து தண்ணி ஊறும். காலையில மொண்டு ஊத்தினா, சாயங்காலம் மறுபடி முழங்கால் அளவு நிற்கும். எங்க வீட்ல மாசச் சம்பளம் கிடையாது. நெய்தாத்தான் கூலி.

போன ஐப்பசியில ஆறு நாள் தொடர்ந்து தறி ஓடலை. ஏழாவது நாள் வாளியைக் கீழே வெச்சுட்டு அப்பா சொன்னார்: "இந்த மழையோட குழியை மூடி டைல்ஸ் போட்டுடலாம்டா."

இதை ரெண்டு வருஷமா அவர்கிட்ட சொல்லிட்டு இருக்கிறதே நான்தான். இன்ஜினீயரிங் சேர்ந்த திமிர்ல, 'தறியை வித்துட்டு நிம்மதியா வேற வேலைக்குப் போங்கப்பா'ன்னு லெக்சரே கொடுத்திருக்கேன். அவர் வாயிலிருந்து வந்தப்ப மட்டும் ஏனோ தொண்டையை அடைச்சுது.

அப்பதான் என்ட்ரி கொடுத்தார் மாமா. ஸ்கூல் டிரிப் அடிக்கிறவர். மழை லீவுல அவரோட பழைய ஆம்னியும் சும்மா நின்னுச்சு. "ஏன் மாமா, முப்பது வருஷமா பட்டு நெய்யறீங்களே... அது எங்கேருந்து வருதுன்னு பார்த்திருக்கீங்களா?"

"பெங்களூர் பக்கம்னு சொல்வாங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

மேப்பை விரிச்சப்ப எனக்கு ஒரு ஷாக். எங்க ஊர் வழியா போற பாலாறும் அதே பக்கத்துலேருந்துதான் வருது! நந்தி மலைப் பகுதியில பிறந்து, கர்நாடகாவுல 93 கிலோமீட்டர், ஆந்திராவுல 33, நம்ம தமிழ்நாட்டுல 222. ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே மேலே போனா பட்டு வந்துடும். ரூட் ரெடி.

ஆம்னியின் பின் சீட்டைக் கழட்டி மெத்தை, சின்ன கேஸ் அடுப்பு, தலைக்கு மேல தார்ப்பாய். இங்கிலீஷ் படத்துல வர்ற கேம்பர்வேன் மாதிரின்னு நான் பீத்திக்கிட்டேன். ராணிப்பேட்டை தாண்டறதுக்குள்ள தார்ப்பாய் ஒழுகி, மெத்தையில பாதி நனைஞ்சாச்சு!

பாலாறு பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பர்ல லட்சம் கனஅடிக்கு மேல வெள்ளம் வந்தப்ப ஊரே பாலத்துல நின்னு வேடிக்கை பார்த்தது ஞாபகம் இருக்கு. இந்த முறை ஆம்பூர் பக்கம் மழையில செம்மண் கலரா கொஞ்சம் ஓடிட்டிருந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக 1996-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தீர்ப்பு வாங்கின ஆறு இது. அதையெல்லாம் நான் விளக்க ஆரம்பிச்சேன். "பிரியாணி எங்கடா நல்லா இருக்கும், அதைச் சொல்லு" என்றார் மாமா. சாப்பிட்டோம். விடுங்க.

ராத்திரி கோலார் தங்கவயல். 2001-ல சுரங்கத்தை மூடிட்டாங்க. ஆனா டீக்கடையில கேட்டது முழுக்க நம்ம தமிழ். வேன்லதான் தூக்கம். கூரைத் தகரத்துல மழை அடிக்கிற சத்தத்துல எனக்குத் தூக்கமே வரலை. அப்பாவும் முழிச்சிட்டுதான் இருந்தார். "இந்நேரம் குழி ரொம்பியிருக்கும்" என்றார், இருட்டுல, யார்கிட்டயும் இல்லாம.

மறுநாள் சித்லகட்டா. பட்டுக்கூடு ஏலத்துல ராமநகரத்துக்கு அடுத்தபடியா பேர் போன சந்தை. மஞ்சளும் வெள்ளையுமா குவியல் குவியலா கூடுகள். விவசாயிங்க முகத்துல ஒரு அவசரம் தெரிஞ்சுது. சும்மா இல்லை... சீக்கிரம் வித்தாகணும். இல்லைன்னா உள்ளே இருக்கிற புழு அந்துப்பூச்சியாகி கூட்டை ஓட்டை போட்டுட்டு வெளியே வந்துடும். அப்புறம் நூல் அறுந்த நூல்தான்.

பக்கத்துத் தெருவுல நூல் எடுக்கிற ஒரு சின்னப் பட்டறைக்குள்ள எட்டிப் பார்த்தோம். வெந்த புழு வாசனை... குடலைப் பிரட்டுது பாஸ்! கொதிக்கிற தண்ணியில கூடுகள் மிதக்குது. ஒரு அம்மா விரலாலேயே நுனியைத் தேடிப் பிடிச்சு, நாலஞ்சு கூட்டு இழையைச் சேர்த்து ஒரு நூலா ஓட விடுறாங்க. கண்ணுக்கே தெரியாத இழை. ஒரு நல்ல கூட்டுக்குள்ள கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்குமாம்.

நூல் அறுந்துக்கிட்டே இருந்தது. அவங்க சலிப்பா ஏதோ சொல்ல, மாமா தனக்குத் தெரிஞ்ச தெலுங்குல கேட்டுச் சொன்னார்: "புழு கூடு கட்டுற நேரத்துல மழை, ஈரம்னா நூல் சரியா பிரிஞ்சு வராதாம். மழை சீசன்ல தினமும் இதே ரோதனைதானாம்."

அப்பா அப்படியே நின்னுட்டார். "மழை மாசத்துல வர்ற பட்டு அறுந்துட்டே இருக்கும்டா. மட்டமான நூலைத் தலையில கட்டுறாங்கன்னு நான் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன்..."

அந்த அம்மாவின் விரல்கள் சுடுதண்ணியில ஊறி, வெளுத்து, சுருங்கிப் போயிருந்தது. அப்பா தன் கையை விரிச்சுக் காட்டினார். நாடா தள்ளித் தள்ளிக் காய்ச்சுப் போன கை. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாது. மாமா மொபைல்ல அப்பா நெய்த அரக்கு கோர்வைச் சேலை போட்டோவைக் காட்டினார். உடம்பு தனி, கரை தனின்னு மூணு நாடா ஓட்டி, இழைக்கு இழை கோர்த்து நெய்யறது. அந்த அம்மா போட்டோவைப் பெருசு பண்ணி, கரை சேர்ற இடத்தையே ரொம்ப நேரம் பார்த்தாங்க. 'இதுவா?'ங்கிற மாதிரி தண்ணியில மிதந்த கூட்டைக் காட்டினாங்க. அப்பா தலையாட்டினார். இந்த ஊர்ல சேலை கட்டாத வீடு இல்லை. ஆனா அவங்க எடுத்த நூல் எங்கே போய் என்னவாகுதுன்னு அவங்க பார்த்ததில்லை போல. நாங்க மட்டும் பார்த்தோமா என்ன!

நந்தி மலைக்குப் போனப்ப மேகம் மூடி ஒண்ணுமே தெரியலை. பாலாறு பிறக்கிற இடம் எங்கேன்னு காட்ட முடியாம நான் அசடு வழிஞ்சதுதான் மிச்சம். இறங்குற வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். 2013-ல புவிசார் குறியீடு வாங்கின பெங்களூர் ப்ளூ திராட்சை இந்தப் பக்கம்தான். ஒயின் கம்பெனிகளும் இருக்கு. மாமா ஆசையா வேனை ஸ்லோ பண்ணினார். அப்பா முறைச்சதும் ஸ்பீட் ஏறிடுச்சு. ரோட்டோரத்துல அரை கிலோ திராட்சையோட சமாதானம் ஆச்சு. தடிச்ச தோல், நிறைய விதை, வாசனை மட்டும் ஆளைத் தூக்குது.

"நல்ல ஒயின் பழசாகப் பழசாக விலை ஏறும்பா" என்றேன்.

விதையைத் துப்பிட்டு அப்பா சொன்னார்: "நம்ம சேலை ஒரு வருஷம் கடையில கிடந்தா, ஆடித் தள்ளுபடி."

வீடு வந்து சேர்ந்தப்ப ராத்திரி பதினொண்ணு. அம்மா கதவைத் திறந்ததும் முதல் வார்த்தை: "டைல்ஸ் போடறவர் நாளைக்கு அளவெடுக்க வர்றேன்னார்."

அப்பா பதில் சொல்லலை. சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டுக்கூட்டை எடுத்தார். சித்லகட்டா சந்தையில எப்போ எடுத்து வெச்சாரோ! அதைத் தறிக்கட்டை மேல வெச்சுட்டு, குழியை எட்டிப் பார்த்தார். தண்ணி பாதிக்கு மேல நின்னுச்சு.

"வாளியை எடுடா" என்றார்.

முப்பத்தேழு வாளி. நான்தான் எண்ணினேன். டைல்ஸ்காரர் காலையில வந்து அளவெடுத்துட்டுப் போனார். அப்பா அவருக்கு இன்னும் போன் பண்ணலை. நானும் ஞாபகப்படுத்தலை.